ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி, அழைப்பு மட்டும் இல்லை

முத்துச் சலாபம், உப்பளம், துறைமுகம்னு ஊரைச் சுத்தியே பேசிக்கிட்டு இருந்தோம். இன்னைக்குக் கொஞ்சம் தூரமா போகப் போறோம். ரொம்ப தூரம். அமெரிக்காவோட மேற்குக் கரை, சான் பிரான்சிஸ்கோ, வருஷம் 1951. ஒரு கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் டீமோட ஒரே ஒரு சீசன். ஒன்பது ஆட்டம் ஆடினாங்க, ஒன்பதும் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் அந்த டீமே இல்ல.

"ஏலே, தூத்துக்குடிக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் என்னலே சம்பந்தம்?"னு நீங்க கேக்குறது எனக்குக் கேக்குது. ஒரு சின்ன சம்பந்தம் இருக்கு. 2012-ல எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பேர்ல இந்தியா இருந்தாலும் முதல் சீசன் ஆட்டங்கள் நடந்தது நமக்கு எதிர்க்கரையில, கொழும்புல. அது பெருசா ஓடல, அதனால அத விட்ருவோம்.

பெரிய சம்பந்தம் வேற. இந்தக் கதையோட ஹீரோ, யுனிவர்சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ. 1855-ல அத ஆரம்பிச்சது சேசு சபைக்காரங்க. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்தாரே, மணப்பாடு, புன்னைக்காயல்னு கால்நடையா நடந்தாரே, அதே சபை. பாளையங்கோட்டை சேவியர் காலேஜ், சென்னை லயோலா காலேஜ் எல்லாம் நடத்துற அதே சபை. இந்தக் கதையில ஒரு லயோலாவும் வரும், ஆனா அது லாஸ் ஏஞ்சலஸ் லயோலா. இந்த சேசு சபை விஷயத்த ஒரு ஓரமா வெச்சுக்குங்க. கடைசியில நம்ம பக்கத்து ஊர் ஒண்ணுக்கு அது நம்மள கூட்டிட்டு வரும்.

முதல்ல ஆட்டம் என்னன்னு பார்த்துடலாம். கபடி தெரிஞ்ச ஊருக்கு இது கஷ்டமில்ல. பக்கத்துக்கு 11 பேர். 100 கெஜம் மைதானம். பந்து கையில இருக்கிற டீமுக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள்ள 10 கெஜமாவது முன்னேறணும். முன்னேறினா மறுபடி நாலு வாய்ப்பு. இல்லன்னா பந்து எதிராளிக்கு. எதிராளியோட எல்லைக்குள்ள பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தா டச்டவுன், 6 புள்ளி. பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடுறவர் ரன்னிங் பேக். கபடி ரெய்டர் கோட்டத் தொட்டுட்டுத் திரும்பி வரணும், இவரு திரும்பவே கூடாது, முன்னாடிதான் போகணும். அவர மடக்கித் தரையில சாய்க்க 11 பேர் காத்திருப்பாங்க. அவ்வளவுதான் ஆட்டம். மிச்சமெல்லாம் விதிப்புத்தகம்.

இந்த டீமோட ரன்னிங் பேக் ஆலி மேட்சன். டெக்சாஸ்ல பிறந்து சான் பிரான்சிஸ்கோவுல வளர்ந்தவர். கறுப்பினத்தவர். ஓட்டத்துல காத்து மாதிரி. காத்துன்னா சும்மா சொல்லல. அடுத்த வருஷம், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல 400 மீட்டர்ல வெண்கலமும், 4x400 ரிலேல வெள்ளியும் வாங்கினவர். நம்ம கே.டி. ஜாதவ் மல்யுத்தத்துல வெண்கலம் வாங்கினாரே, அதே ஒலிம்பிக். நம்ம கால்பந்து டீம் யூகோஸ்லாவியாகிட்ட 10-1னு அடி வாங்கினதும் அதே ஒலிம்பிக்தான், அத இப்ப ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம்.

டீம்ல இன்னொரு கறுப்பின வீரர் பர்ல் டோலர். மெம்ஃபிஸ் ஊர்க்காரர். தடுப்பாட்டத்துல அவர்தான் தூண். மேட்சனும் டோலரும் அதுக்கு முன்னாடியே 1948-ல சிட்டி காலேஜ்னு ஒரு ஜூனியர் காலேஜ்ல சேர்ந்து ஆடினவங்க. மத்தவங்களும் சாதாரண ஆளுங்க இல்ல. ஜினோ மார்கெட்டி இத்தாலியக் குடும்பத்துப் பையன். ரெண்டாம் உலகப் போர்ல பல்ஜ் சண்டையில நின்னுட்டு வந்தவர். பாப் செயின்ட் கிளேர் 6 அடி 9 அங்குலம், பச்சைக் கறி சாப்பிடுறவர்னு பேர் வாங்கினவர். கோச் ஜோ குஹாரிச். பத்திரிகைக்காரங்களுக்குச் செய்தி கொடுக்கிற வேலையில பீட் ரோசெல்னு ஒரு சின்னப் பையன். இந்தப் பேர மறந்துடாதீங்க.

சீசன் செப்டம்பர்ல ஆரம்பிச்சது. சான் ஹோசே ஸ்டேட்ட ரெண்டு தடவை அடிச்சாங்க. ஐடஹோவ அடிச்சாங்க. கொரியப் போர் நடந்துக்கிட்டு இருந்த நேரம், அதனால ராணுவ முகாம்களுக்கும் டீம் இருந்துச்சு. கேம்ப் பெண்டில்டன் மரீன்களையும் சான் டியேகோ கடற்படைப் பயிற்சி நிலையத்தையும் அடிச்சாங்க. பக்கத்து ஊர் சாண்டா கிளாராவ அடிச்சாங்க. ஆனா இதெல்லாம் மேற்குக் கரைக்குள்ளயே நடந்த கதை. அன்னைக்குப் பெரிய பத்திரிகைகள் எல்லாம் கிழக்குல, நியூயார்க்ல. மேற்குல ஒரு சின்ன கத்தோலிக்கக் காலேஜ் என்ன பண்ணாலும் அங்க யாருக்கும் தெரியாது.

அதனால அக்டோபர்ல நியூயார்க் போய் ஃபோர்டமோட ஆடின ஆட்டம் முக்கியம். 32-26. அந்த சீசன்லயே நெருக்கமான ஸ்கோர் அதுதான். மேட்சன் ரெண்டு தடவை கிக்-ஆஃப் பந்தைப் பிடிச்சு, 90 கெஜம் அளவுக்கு, அதாவது கிட்டத்தட்ட முழு மைதானமும் ஓடி டச்டவுன் போட்டார். ஒரு தடவை நடந்தாலே ஊரு பேசும். ஒரே ஆட்டத்துல ரெண்டு தடவை.

நவம்பர்ல ஸ்டாக்டன் போய் பசிஃபிக் காலேஜ 47-14னு நொறுக்கினாங்க. அங்கேயும் நல்ல டீம், அவங்களும் புத்தாண்டு ஆட்டக் கனவுல இருந்தாங்க. கடைசி ஆட்டம் பாசடீனா ரோஸ் பௌல் மைதானத்துல, லயோலாவுக்கு எதிரா, 20-2. சீசன் முடிஞ்சது. மேட்சன் ஓடின மொத்தத் தூரம் 1,566 கெஜம், டச்டவுன் 21. அந்த வருஷம் நாட்டுலயே அதிகம் அவர்தான். அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில டீமுக்கு 14-ஆவது இடம்.

இங்கதான் கதை மாறுது.

அன்னைக்கு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்ல பிளே-ஆஃப் கிடையாது. சீசன் முடிஞ்சதும் புத்தாண்டுல "பௌல்" ஆட்டங்கள் நடக்கும். மியாமியில ஆரஞ்ச் பௌல், நியூ ஆர்லியன்ஸ்ல சுகர் பௌல், டல்லஸ்ல காட்டன் பௌல், ஜாக்சன்வில்ல கேட்டர் பௌல். ஊரப் பாருங்க, எல்லாமே தெற்கு. ரோஸ் பௌல் மட்டும் கலிஃபோர்னியாவுல, ஆனா அது 1947-லேருந்தே ரெண்டு பெரிய கூட்டமைப்புகளுக்குன்னு எழுதி வெச்ச ஆட்டம். சான் பிரான்சிஸ்கோ மாதிரித் தனி டீமுக்கு அங்க வாசல் இல்ல. மத்ததெல்லாம் அந்தந்த ஊர்ப் பெரிய மனுஷங்க கமிட்டி போட்டு, யாரக் கூப்பிடலாம்னு தீர்மானிக்கிற ஆட்டங்கள். நீங்க எத்தன ஜெயிச்சீங்கங்கறது ஒரு கணக்கு. கமிட்டிக்கு உங்களப் பிடிச்சிருக்காங்கறது இன்னொரு கணக்கு.

கூப்பிட்டா நல்ல பணம் வரும். சான் பிரான்சிஸ்கோவுக்கு அந்தப் பணம் அவசரமா தேவைப்பட்டுச்சு. ஃபுட்பால் டீம் வெச்சு நடத்துறதுல காலேஜுக்கு நஷ்டத்துக்கு மேல நஷ்டம். அந்தப் பக்கத்துல சின்னச் சின்ன கத்தோலிக்கக் காலேஜ்கள் ஒவ்வொண்ணா டீமக் கலைச்சுக்கிட்டு இருந்த காலம். செயின்ட் மேரிஸ் முந்தின வருஷமே கலைச்சிருந்துச்சு. ஒரு பௌல் ஆட்டம் கிடைச்சா மூச்சு விடலாம்.

அழைப்பு வந்துச்சு, ஆனா நிபந்தனையோட வந்துச்சுன்னு வீரர்கள் பின்னாளில் பேட்டிகள்ல சொன்னாங்க. நிபந்தனை இதுதான்: மேட்சனையும் டோலரையும் விட்டுட்டு வாங்க. மிச்சப் பேரு வரலாம்.

வீரர்கள் மாட்டேன்னுட்டாங்க. வாக்கெடுப்புகூட நடக்கலன்னு சொல்றாங்க. சினிமாவுல வர்ற மாதிரி லாக்கர் ரூம்ல யாரும் எழுந்து நின்னு வசனம் பேசல. கேள்வி வந்துச்சு, இல்லன்னாங்க, முடிஞ்சுது. நம்ம ஐ.டி. பாஷையில யோசிச்சுப் பாருங்க. டீமே ராப்பகலா உழைச்சு ப்ராஜெக்ட முடிக்குது. கிளையன்ட், "எல்லாரும் ஆன்சைட் வாங்க, ஆனா அந்த ரெண்டு பேரு வேண்டாம்"ங்கறான். நம்ம ஆபீஸ்ல எத்தன பேரு பாஸ்போர்ட்ட பைக்குள்ள திரும்ப வைப்போம்? நான் பதில் சொல்லல, கேள்விய மட்டும் விட்டுட்டுப் போறேன்.

இப்ப எதிர்த்தரப்பு வாதத்தையும் கேக்கணும். "அவங்க ஆடின டீம்கள் சுமார்தான், அதனாலதான் கூப்பிடல"ன்னு ஒரு காரணம் அப்பவே சொல்லப்பட்டுச்சு. முழுப் பொய் இல்ல. ஸ்டான்ஃபோர்ட், கலிஃபோர்னியா மாதிரிப் பெரிய டீம்களோட அந்த சீசன்ல இவங்க மோதல. 14-ஆவது இடம்னா முதலிடம் இல்ல. ஆனா அயரா ப்ளூங்கிற சான் பிரான்சிஸ்கோ வானொலி விளையாட்டுச் செய்தியாளர், கறுப்பின வீரர்கள் இருக்கிறதாலதான் தெற்குக் கமிட்டிகள் ஒதுக்கினாங்கன்னு அப்பவே பேசினார். அதுக்கும் மேல, அந்தக் காலத்து வழக்கத்தப் பார்த்தா எனக்குச் சந்தேகமே வரல. தெற்கு டீமோட ஆடணும்னா வடக்கு டீம் கறுப்பின வீரர ஊர்லயே விட்டுட்டு வரணும். இதுக்குப் பேரு "கனவான்கள் ஒப்பந்தம்". பேரப் பாருங்க.

அந்த ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினவங்கள்ல ஒரு சேசு சபைக் காலேஜும் உண்டு. பாஸ்டன் காலேஜ். அவங்க டீம்ல லூ மாண்ட்கோமரின்னு ஒரு கறுப்பின வீரர் இருந்தார். 1940-ல காட்டன் பௌல் அழைப்பு வந்துச்சு, அவர விட்டுட்டுப் போனாங்க. 1941-ல சுகர் பௌல் வந்துச்சு, மறுபடி விட்டுட்டுப் போனாங்க, ஜெயிச்சும் வந்தாங்க. அவரோட ஜெர்சி நம்பருக்கு அந்தக் காலேஜ் மரியாதை செஞ்சது 2012-ல. ஒரே சபை, ஒரே கேள்வி, பத்து வருஷ இடைவெளி, ரெண்டு பதில்.

எல்லாக் கமிட்டியும் ஒரே மாதிரின்னும் சொல்ல முடியாது. 1948 காட்டன் பௌல்ல, அதுவும் டல்லஸ்ல, பென் ஸ்டேட் டீமுக்காக வாலி டிரிப்லெட், டென்னி ஹாகார்டுன்னு ரெண்டு கறுப்பின வீரர்கள் ஆடினாங்க. அதாவது முடியாத காரியம் இல்ல. 1951-லயும் கமிட்டிகள் நினைச்சிருந்தா கூப்பிட்டிருக்கலாம். நினைக்கல. அதே 1951 அக்டோபர்ல, டிரேக் காலேஜோட கறுப்பின வீரர் ஜானி பிரைட்ட ஓக்லஹோமாவுல ஒரு எதிராளி, பந்து அவர் கையில இல்லாத நேரத்துல முகத்துல குத்தித் தாடைய உடைச்சார். பத்திரிகைக்காரங்க எடுத்த அந்தப் படத் தொடருக்குப் புலிட்சர் பரிசு கிடைச்சது. நாடு அப்படி இருந்துச்சு.

இப்ப நம்ம பக்கம் வரலாம். ஓரமா வெச்ச விஷயத்த எடுங்க.

திருநெல்வேலி மாவட்டத்துத் தென்கோடியில வடக்கன்குளம்னு ஒரு ஊர். அங்க திருக்குடும்ப ஆலயம். 1872-ல கட்டி முடிச்ச கோயில். அதோட அமைப்புதான் விசேஷம். பீடம் ஒண்ணு, ஆனா அதுலேருந்து ரெண்டு கை பிரியும், கால்சட்டை மாதிரி. ஒரு கையில வேளாளக் கிறிஸ்தவங்க, இன்னொரு கையில நாடார் கிறிஸ்தவங்க. ஒரே சாமி, ஒரே பூசை, ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியாது. அந்த ஊரு சேசு சபைப் பாதிரியார்கள் பொறுப்புல இருந்த ஊரு. சமாதானத்துக்காகப் பண்ணின ஏற்பாடுன்னு சொன்னாங்க. "கனவான்கள் ஒப்பந்தம்" மாதிரிதான்.

1910-ல அந்தப் பிரிவினையத் திருச்சபைத் தரப்பே இடிச்சுது. வேளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு. எங்க வழக்கமான இடத்த எங்களுக்குக் குடுங்கன்னு கேட்டாங்க. மெட்ராஸ் ஐகோர்ட் வரைக்கும் போய்த் தோத்தாங்க. இந்த வரலாற்ற விரிவா படிக்கணும்னா நம்ம வ.உ.சி. கல்லூரியில பேராசிரியரா இருந்த ஆ. சிவசுப்பிரமணியன் எழுதின "கிறித்தவமும் சாதியும்" இருக்கு. நம்ம ஊர்க்காரங்க கண்டிப்பா படிக்க வேண்டிய புத்தகம்.

ரெண்டையும் ஏன் பக்கத்துல வைக்கிறேன்னா, சுவரோட தன்மை ஒண்ணு. வடக்கன்குளத்துல யாரும் "நீ சாமி கும்பிடாதே"ன்னு சொல்லல. "அந்தப் பக்கம் போய்க் கும்பிடு"ன்னாங்க. ஆரஞ்ச் பௌல், சுகர் பௌல் கமிட்டியும் "உங்க டீம் ஆடாதே"ன்னு சொல்லல. "அவங்க இல்லாம ஆடுங்க"ன்னாங்க. அப்படிக் கேக்கும்போது, ஒதுக்குற வேலைய நம்ம கையாலயே பண்ண வைக்கிறாங்க. வித்தியாசமும் உண்டு. வடக்கன்குளத்துச் சுவர இடிச்சது அதிகாரம் கையில இருந்தவங்க. சான் பிரான்சிஸ்கோ பசங்க கையில எந்த அதிகாரமும் இல்ல. இருபது சொச்சம் வயசு. புத்தாண்டு அன்னைக்கு ஆடாம இருக்கிறது மட்டும்தான் அவங்களால முடிஞ்சது. 1952 ஜனவரி 1 அன்னைக்கு ஆரஞ்ச் பௌல் அவங்க இல்லாமலேயே நடந்துச்சு. ஜார்ஜியா டெக் 17, பேய்லர் 14. சுகர் பௌலும் நடந்துச்சு, மேரிலாண்ட் ஜெயிச்சுது. ஸ்டேடியம் காலியா எல்லாம் இல்ல.

விலை இவங்க பக்கம்தான். நஷ்டக் கணக்கக் காட்டி காலேஜ் ஃபுட்பாலையே நிறுத்திருச்சு. தோல்வியே காணாத டீம், அந்த சீசனோட கலைஞ்சுது. பின்னாடி சின்ன அளவுல திரும்ப முயற்சி நடந்தாலும், அந்தத் தரத்துல ஃபுட்பால் அந்தக் காலேஜுக்குத் திரும்பவே இல்ல. கடைசி எதிராளி லயோலாவும் அதே சீசனோட நிறுத்துச்சு. செயின்ட் கிளேருக்குப் படிப்பு மிச்சமிருந்துச்சு, அவரு டல்சா யுனிவர்சிட்டிக்கு மாறிப் போனார். ஒரு பௌல் ஆட்டப் பணம் வந்திருந்தா காப்பாத்தியிருக்குமான்னு சிலர் கேப்பாங்க. ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கும்னு நான் நினைக்கிறேன், அவ்வளவுதான். ஆனா அந்தப் பசங்களுக்கு அந்த ஒரு வருஷம்தான் எல்லாமே.

ஆளுங்க என்ன ஆனாங்க? மேட்சன், மார்கெட்டி, செயின்ட் கிளேர் மூணு பேரும் புரொஃபஷனல் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள போனாங்க. ஒரே கல்லூரி டீம்லேருந்து மூணு பேர். மேட்சன 1959-ல லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் வாங்கினப்ப பதிலுக்கு ஒன்பது பேரக் கொடுத்தாங்க. ஒரு ஆளுக்கு ஒன்பது ஆளு! அந்த வியாபாரத்த முடிச்சது ராம்ஸோட ஜெனரல் மேனேஜர். அவர் பேரு பீட் ரோசெல். ஆமா, பத்திரிகைக்குச் செய்தி கொடுத்துக்கிட்டு இருந்த அதே பையன். அடுத்த வருஷமே அவரு என்.எஃப்.எல். கமிஷனர் ஆகி, 1989 வரைக்கும் அந்த நாற்காலியில இருந்தார்.

பர்ல் டோலருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. 1952-ல கல்லூரி நட்சத்திரங்கள் ஆடின ஒரு காட்சி ஆட்டத்துல முழங்கால் போச்சு. என்.எஃப்.எல்.ல ஒரு ஆட்டம்கூட ஆட முடியல. வாத்தியார் வேலைக்குப் போனார், சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பள்ளிக்கூடத்துக்கு முதல்வர் ஆனார். 1965-ல என்.எஃப்.எல். அவர நடுவராச் சேர்த்துச்சு. அந்த லீக்ல முதல் கறுப்பின நடுவர் அவர்தான். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், ஞாயித்துக்கிழமை மைதானம். 1980-ல சூப்பர் பௌல் ஆட்டத்துக்கு நடுவராப் போனார். தெற்குல அன்னைக்கு உள்ளயே விடாத ஆளு, இப்ப விசில ஊதினா எல்லாரும் நிக்கணும்.

சுகர் பௌல்ல முதல் கறுப்பின வீரர் ஆடினது 1956-ல, பிட்ஸ்பர்க் டீமோட பாபி கிரியர். அதத் தடுக்க ஜார்ஜியா மாநில ஆளுநரே கிளம்பினார், தன் மாநிலத்து ஜார்ஜியா டெக் ஆடக்கூடாதுன்னார். ஜார்ஜியா டெக் மாணவர்களே அவருக்கு எதிரா ரோட்டுல இறங்கினாங்க. ஆட்டம் நடந்துச்சு. அதே 1950-கள்ல சான் பிரான்சிஸ்கோ காலேஜோட பாஸ்கெட்பால் டீம், பில் ரஸல், கே.சி. ஜோன்ஸ்னு கறுப்பின வீரர்கள வெச்சு 1955, 1956 ரெண்டு வருஷமும் நாட்டு சாம்பியன் ஆச்சு. ஃபுட்பால் போன இடத்துல அது வந்துச்சு.

ஒரு கடைசிச் செய்தி, அங்க வேலைக்கும் படிப்புக்கும் போற நம்ம ஆளுங்களுக்காக. அந்தக் காலேஜ்ல மாணவர் விடுதி ஒண்ணுக்கு ரொம்ப காலமா ஜேம்ஸ் ஃபீலன் பேரு இருந்துச்சு. சான் பிரான்சிஸ்கோவோட பழைய மேயர், அப்புறம் செனட்டர். 1920 தேர்தல்ல "கலிஃபோர்னியாவ வெள்ளையா வெச்சிருங்க"ன்னு கோஷம் போட்டு ஓட்டுக் கேட்டவர். அவரு எதிர்த்தது முக்கியமா ஆசியர்களத்தான், அதாவது நம்மளயும் சேர்த்து. மாணவர்கள் அந்தப் பேர மாத்தணும்னு கேட்டாங்க. 2017-ல மாத்தினாங்க. இப்ப முதல் வருஷப் பசங்க பெட்டி படுக்கையோட போய் இறங்குற அந்தக் கட்டடத்துக்குப் பேரு டோலர் ஹால்.